சிறு படகா, பெரும் படகா?
கரையோரக் கமக்காரர் இயந்திரப் படகு வாங்குமுன் கணக்கிட வேண்டியவை

நமது கிழக்குக் கரையில் வாகரை, கொக்கிளாய் முதலிய இடங்களில் வயலும் கடலும் ஒரே குடும்பத்துக்குச் சோறு போடுகின்றன. பெரும்போக மழை தொடங்கியதும் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு வயலில் இறங்குவர். வெள்ளாண்மை வெட்டி, நெல் வீடு வந்து சேர்ந்ததும் மீண்டும் கடலை நோக்குவர். வாடைக்காற்று வீசும் கார்த்திகை முதல் மாசி வரை கடல் கொந்தளிப்பதும், அதே மாதங்களில் வயல் ஆட்களை வேண்டி நிற்பதும் இக்குடும்பங்களுக்கு வாய்த்த நல்ல பொருத்தமாகும்.

இத்தகைய குடும்பங்கள் கண்ணாடியிழைப் படகும் வெளியிணைப்பு இயந்திரமும் வாங்க எண்ணும்போது முதலில் எழும் வினா படகின் அளவைப் பற்றியதே. நம் கரைகளிற் பெரிதும் புழங்குபவை 18 அடி முதல் 23 அடி வரையானவை. இரண்டில் எது நல்லது? இது கடற்றொழிற் பகுதியினர் சொல்லவேண்டிய விடயமன்றோ எனச் சிலர் கேட்கக்கூடும். கடலில் ஓடும் படகு அவர்களுக்குரியதே. ஆனால் கமக்காரரின் படகை இழுப்பது வயலுழும் இயந்திரம். அது உறங்குவது நெல்லும் பசளையும் கிடக்கும் வளவில். அதற்குப் பெற்ற கடனுக்கு ஈடாய் நிற்பது பெரும்பாலும் வயற்காணி அல்லது வீட்டுப் பெண்களின் நகை. ஆகவே இதனைக் கமத்தின் கணக்கிலும் வைத்துப் பார்க்க வேண்டியுள்ளது.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஆண்டொன்றில் 8,760 மணித்தியாலங்கள் உண்டு. கமத்தோடு கடலையும் பார்க்கும் ஒருவர் ஆண்டுக்கு 120 நாட்கள் கடலுக்குப் போகிறார் என்றும், ஒவ்வொரு முறையும் ஐந்து மணித்தியாலம் படகு நீரில் நிற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 600 மணித்தியாலம். நூற்றுக்கு ஏழு பங்குகூட இல்லை. மிகுதி நேரமெல்லாம் படகு கரையிலோ வளவிலோ கிடக்கிறது. வாங்கச் செல்லும்போதோ நாம் அந்த ஏழு பங்கை மட்டுமே மனத்திற்கொண்டு, அலையின்மேல் எப்படி ஓடும் என்று கேட்கிறோம். எப்படி இழுப்பது, எங்கே வைப்பது என்று கேட்போர் சிலரே.

ஐந்து அடியின் பெறுமதி

18 அடிக்கும் 23 அடிக்கும் வேற்றுமை ஐந்து அடிதானே என்று எண்ணுதல் கூடாது. நீளம் கூடும்போது அகலமும் உயரமும் அதே விகிதத்திற் கூடுமாயின், கொள்ளளவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஓட்டின் தடிப்பு மாறாவிடினும் அதன் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேலாகிறது, எடையும் அவ்வாறே. பெரிய படகில் ஓட்டின் தடிப்பையும் கூட்டியே அமைப்பர். ஆகவே இழுக்கும் கைகளுக்கு வந்து சேரும் பாரம் ஐந்து அடிக்குரியதன்று.

இயந்திரமும் அப்படியே. 15 குதிரைவலு கொண்ட ஈரடிப்பு இயந்திரம் ஏறத்தாழ 36 கிலோ எடையுள்ளது. ஒரு நெல் மூடையிலும் குறைவு. பலமுள்ள ஒருவர் அதைத் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். 40 குதிரைவலு இயந்திரம் 70 கிலோவுக்கு மேற்பட்டது. அதற்கு இருவர் வேண்டும். இருவர் கிடைக்காத மாலையில் அது கரையிலேயே படகின் பின்பலகையிற் கிடக்கும். கரையில் இரவு கிடக்கும் இயந்திரத்துக்குக் காவல் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வேகத்தைப் பற்றியும் ஒரு தப்பெண்ணம் உண்டு. நீரைக் கிழித்து அமைதியாய் ஓடும் படகின் வேகம் அதன் நீளத்தால் எல்லைப்படுத்தப்படுகிறது. நீரைத் தொடும் நீளம் 16 அடியாயின் மணிக்கு ஏறக்குறைய 5½ கடல்மைல்; 20 அடியாயின் 6 கடல்மைல். அரைக் கடல்மைலே வேற்றுமை. இதற்கு மேலே போக வேண்டுமாயின் படகு நீர்மட்டத்தின்மேல் எழுந்து வழுக்கி ஓடவேண்டும். அதற்கு வேண்டியது பெரிய இயந்திரமும் அதற்கேற்ற எரிபொருளுமேயன்றி நீளம் மட்டுமன்று.

இழுத்தல்

இப்பகுதியைக் கமக்காரர் ஆறுதலாக வாசித்தல் நன்று. பெரும்பாலானோரிடம் இருப்பது இருசில்லு உழவு இயந்திரம், அதாவது நம் ஊரில் லான்ட்மாஸ்டர் என்று அழைக்கப்படுவது. வயலில் உழுவதும் நெல் மூடை ஏற்றுவதும் இதுவே. இதைக்கொண்டு படகையும் இழுத்துவிடலாம் என்பதே எல்லோருடைய நம்பிக்கை.

காற்றடித்த சில்லுள்ள வண்டி ஒன்று தார்வீதியில் ஓடுவதற்கு அதன் மொத்த எடையில் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு இழுவையே போதும். இளகிய மணலில் அதுவே நூற்றுக்கு இருபது அல்லது இருபத்தைந்து பங்காகிறது. கரை மேடேறினால் மேலும் கூடும். பத்து அடிக்கு ஓரடி உயரும் கரையில், எடையின் பத்திலொரு பங்கை அதனோடு சேர்க்க வேண்டும்.

சிறு படகும் இயந்திரமும் வலையும் படகு வண்டியும் சேர்ந்து 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தார்வீதியில் 18 கிலோ இழுவை போதும்; ஒரு பையனும் தள்ளுவான். இளகிய மணலில், அந்த மேட்டில், மணலுக்கு 150 கிலோவும் மேட்டுக்கு 60 கிலோவுமாக 210 கிலோ வேண்டும். பெரும் படகு வண்டியோடு 1,200 கிலோ ஆயின் 420 கிலோ வேண்டும்.

இருசில்லு இயந்திரம் எவ்வளவு இழுக்கும்? அதன் குதிரைவலுவைப் பார்த்து விடை கூறுதல் தவறு. மணலில் இயந்திரம் ஓய்வதற்கு முன்னரே சில்லு சுழன்று புதைந்துவிடும். இளகிய மணலில், சில்லின்மேல் அழுந்தும் பாரத்தின் மூன்றிலொரு பங்கே இழுவையாகக் கிடைக்குமெனக் கொள்வது பாதுகாப்பான கணக்கு. இயந்திரம் 350 கிலோ, வண்டியின் முன்புறம் கொளுக்கியில் அழுத்துவது 60 கிலோ, ஆக 410 கிலோ. மூன்றிலொரு பங்கு ஏறக்குறைய 135 கிலோ. 210 கிலோவே வேண்டிய சிறு படகைக்கூட அது வெறும் மணலில் ஏற்றமாட்டாது.

அப்படியாயின் என்ன செய்வது? படகு வண்டியின் சில்லுகளுக்குக் கீழே பலகை பரப்புங்கள். பலகையின்மேல் ஓடும்போது மணலின் தடை நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுக்கு இறங்கிவிடும். சிறு படகுக்கு 30 கிலோவும் மேட்டுக்கு 60 கிலோவுமாக 90 கிலோ போதும். இருசில்லு இயந்திரம் அதனைச் சிரமமின்றி இழுக்கும். பெரும் படகுக்குப் பலகை பரப்பினாலும் 180 கிலோ வேண்டும். கொளுக்கியில் 120 கிலோ அழுத்தினாற்கூட இயந்திரம் தரக்கூடியது 157 கிலோவே. அங்கே நாற்சில்லு உழவு இயந்திரத்தை வாடகைக்கு அமர்த்த வேண்டும், அல்லது பத்துப் பேரைக் கூப்பிட வேண்டும். வைகாசியில் பத்துப் பேர் கரையில் நிற்பர். ஐப்பசியில் மழை முந்தி, கடல் சீறத் தொடங்கி, படகை உடனே ஏற்றவேண்டிய நாளில் அந்தப் பத்துப் பேரும் விதைப்பில் நிற்பர்.

இவ்வெண்கள் உதாரணத்துக்கே. உங்கள் படகின் எடையை விற்பவரிடம் கேளுங்கள். பழைய படகாயின் அருகிலுள்ள அரிசி ஆலையின் நிறைப்பாலத்தில் வண்டியோடு நிறுத்துப் பாருங்கள். கணக்கு முறை மாறாது.

பெரும் படகுதான் வேண்டுமென்போர் கப்பி அமைத்துக்கொள்ளலாம். கரை மேட்டில் ஆறடி நீளமான தென்னங்குற்றியொன்றைக் குறுக்காக நாலடி ஆழத்திற் புதைத்து, அதில் வடத்தைப் பிணைத்து, நாலு கயிறாய் ஓடும் இரட்டைக் கப்பியால் இழுத்தால் 420 கிலோ இழுவை, உராய்வையும் சேர்த்து, ஏறக்குறைய 140 கிலோவாகக் குறையும். நாலு பேர் போதும். நேரம் கூடுதலாகும், ஆனால் இயந்திரமும் புதையாது, இடுப்பும் முறியாது.

கொளுக்கியில் எப்போதும் மொத்த எடையின் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு அழுந்துமாறு படகை வண்டியில் வைக்கவேண்டும். பின்பாரம் கூடினால் வீதியில் வண்டி வாலாட்டும். இயந்திரம் பின்பலகையிலே தொங்கும்போது இப்பிழை எளிதில் நேர்கிறது. ஆகையால் எரிபொருட் கலனையும் வலையையும் அணியத்தின் பக்கம் ஏற்றுக.

நீரில் இறக்கும்போது உயிருக்கே ஆபத்தான ஒன்று உண்டு. இருசில்லு இயந்திரத்தில் இடப்புறக் கிளச்சை அமர்த்தினால் இயந்திரம் இடப்புறம் திரும்பும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இறக்கத்தில் பின்னாலிருந்து பாரம் தள்ளும்போது அதே இடப்புறக் கிளச்சை அமர்த்தினால் அது வலப்புறம் திரும்பும். அமர்த்திய பக்கத்துச் சில்லு கட்டின்றி முந்தி ஓடுவதே காரணம். பழகிய கைதான் இங்கே ஏமாறும். எனவே இறக்கத்தில் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிய கயிற்றால் வண்டியைத் தளர்த்தித் தளர்த்தி இறக்குங்கள். உழவு இயந்திரத்தின் சில்லை உப்புநீரில் இறக்கவே வேண்டாம். படகு வண்டியின் சில்லும் வீதியில் ஓடிய சூட்டோடு நீரில் இறங்கினால் பெயரிங்குக்குள் உப்புநீரை உறிஞ்சிக்கொள்ளும். கால் மணித்தியாலம் ஆறவிட்டு இறக்கி, பின்னர் நன்னீர் ஊற்றிக் கழுவிக் கிறீஸ் இடுங்கள்.

ஒழுங்கையை அளத்தல்

படகு வாங்குமுன் 23 அடி நீளமான மூங்கிலொன்றை எடுத்து, இருவர் முனைக்கொருவராய்ப் பிடித்து, வீட்டிலிருந்து கரைவரை ஒழுங்கை வழியே நடந்து பாருங்கள். எந்த முடக்கில் வேலியில் இடிக்கிறதோ அந்த முடக்கில் படகும் இடிக்கும். அயலவரின் வேலியைப் பிரித்துத்தான் படகு போகவேண்டுமாயின், படகின் விலையோடு அயலவரின் மனத்தாங்கலையும் சேர்த்துக் கணக்கிடுதல் வேண்டும். மூங்கிலை 18 அடியாகத் தறித்து மீண்டும் ஒருமுறை நடந்து பார்த்தால், பலருடைய தீர்மானம் அங்கேயே முடிந்துவிடும்.

வைத்திருத்தல்

18 அடிப் படகுக்கு 22 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட கிடுகுக் கொட்டில் போதும்: 220 சதுர அடி. 23 அடிப் படகுக்கு 28 அடியும் 12 அடியும், 336 சதுர அடி. ஒன்றரை மடங்கு. கொட்டில் இல்லாமல் வெயிலிற் கிடக்கும் கண்ணாடியிழை மேற்பூச்சு வெளிறி வெடிக்கும். வெடிப்பினூடே நீர் புகும். ஆகையால் பெரும் படகு வாங்குவோர் பெரிய கொட்டிலையும் வாங்குகிறார் என்பதே பொருள். அக்கொட்டிலின் இடம் சூட்டு வைக்கோலுக்கோ மாட்டுக்கோ உரிய இடமாகவும் இருக்கக்கூடும்.

படகை இரு முனையில் மட்டும் தாங்கி வைத்தல் கூடாது. மூன்று மாதம் அப்படிக் கிடந்தால் நடு வளையும். ஏராவின் கீழே மூன்றிடங்களில் தென்னங்குற்றி வைத்து, பக்கங்களில் பழைய ரயர்களால் அணைகொடுங்கள். அணியம் சற்று உயர்ந்திருக்கட்டும். அடித்துளையின் தக்கையைக் கழற்றிவிட்டால் மழைநீர் தானாக வடியும். இது படகின் நன்மைக்கு மட்டுமன்று. கரையில் ஏற்றி வைத்த படகுகளில் தேங்கும் மழைநீர் டெங்கு நுளம்பு பெருகும் இடம். மாரிகாலம் படகு வீட்டு வளவிற் கிடக்கும் காலம். பிள்ளைகள் அதனருகே விளையாடும் காலமுமாம். தக்கை தொலைந்துவிடாதபடி இயந்திரத்தின் கைபிடியிலேயே கட்டித் தொங்கவிடுக.

வெற்றுப் படகு காற்றுக்கு இலேசானது. 1978 நவம்பர் 23, 24 ஆந் திகதிகளில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியும் படகுகள் கரையேறிக் கிடக்கும் பருவத்திலேயே வந்தது. எனவே படகின் குறுக்கே இரண்டு கயிறுகளைப் போட்டு, இருபுறமும் புதைத்த குற்றிகளிற் கட்டி, உள்ளே சில மணற்பைகளையும் வைத்தல் நன்று. பெரிய படகுக்குக் காற்றுப்பிடிக்கும் பரப்பும் பெரிது என்பதை மறவாதீர்.

இயந்திரத்தைக் கழற்றி, நன்னீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவி, நிமிர்ந்த நிலையில் நிறுத்தி வைக்கவேண்டும். மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரமாயின், நிறுத்துமுன் சில நிமிடம் பெற்றோலுக்கு மாற்றி ஓட்டுக. நெடுநாள் வைப்பதாயின் எரிபொருள் முழுவதும் தீரும்வரை ஓட்டுக. பசளை அறையில் இயந்திரத்தை ஒருபோதும் வைக்க வேண்டாம். யூரியாவும் மற்றைய பசளைகளும் ஈரத்தை இழுத்து உலோகத்தை அரிக்கும். கடல் செய்யாத சேதத்தை அவை செய்துவிடும். மண்ணெண்ணெய்க் கலனை விதைநெல்லின் பக்கத்தில் வைப்பதும் அவ்வாறே விலக்கத்தக்கது. மண்ணெண்ணெய் பட்ட விதைநெல்லின் முளைதிறனை நம்பமுடியாது.

எரிபொருளும் கடனும்

ஈரடிப்பு இயந்திரம் முழு வேகத்தில் ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு ஏறத்தாழ அரை லீற்றர் குடிக்கும். 15 குதிரைவலுவுக்கு 7½ லீற்றர், 40 குதிரைவலுவுக்கு 20 லீற்றர். போக ஒரு மணி, வர ஒரு மணி என்றால் 15 லீற்றரும் 40 லீற்றரும் ஆகின்றன. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்ததை எவரும் மறந்திரார். சிறு இயந்திரத்தின் ஒரு பயணச் செலவு 1,305 ரூபாவிலிருந்து 5,100 ரூபாவாயிற்று. பெரிய இயந்திரத்தின் செலவு 3,480 ரூபாவிலிருந்து 13,600 ரூபாவாயிற்று. அந்த ஒரு மணியிற் பெரியது கூடிய தூரம் போகும் என்பது உண்மையே. ஆனால் விலை இப்படித் தாவும்போது, வலை வெறுமையாய் வந்த ஒரு நாளைத் தாங்கும் பலம் எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு உண்டு என்பதே கேள்வி.

கடன் எடுப்போர் மாதந்தோறும் ஒரே தொகை கட்டுவதற்கு உடன்படாதிருத்தல் நன்று. கார்த்திகை முதல் தை வரை கடலும் தராது, வயலும் தராது. இரண்டும் கேட்கும் மாதங்கள் அவை. அறுவடைக்குப் பின் ஒரு பெருந் தவணையும், கடல் அமைதியான மாதங்களிற் சிறு தவணைகளுமாக அமைத்துத் தரும்படி வங்கியையோ கூட்டுறவுச் சங்கத்தையோ முன்கூட்டியே கேளுங்கள்.

பெரியது யாருக்கு?

“தம்பி, கடலுக்குப் பெரியதுதானே காவல்?” என்று முதியவரொருவர் என்னிடம் கேட்டார். அவர் கூற்றில் நியாயம் உண்டு. கரை கண்ணுக்கு மறையும் தூரம்வரை போவோருக்கும், இரவில் வலைவிட்டுக் கிடப்போருக்கும், ஆண்டு முழுவதும் கடலையே நம்பியிருப்போருக்கும் உயர்ந்த விளிம்பும் அகன்ற வயிறுமுள்ள பெரும் படகே வேண்டும். இரண்டு மூன்று குடும்பங்கள் கூட்டாக வாங்கி, ஆட்களையும் கொட்டிலையும் பகிர்ந்துகொள்வதாயினும் பெரியது பொருந்தும். எனது அபிப்பிராயத்தில், களப்பிலும் கரையிலிருந்து சில மைல்களுக்குள்ளும் வலைவிடும் கமக்காரருக்கு 18 அடிப் படகும் 15 குதிரைவலு இயந்திரமும் போதும். ஆழங்குறைந்த களப்பில் பெரிய இயந்திரத்தின் சுழல்விசிறி சேற்றைக் கலக்கும். மணல் மேவிய களப்பு வாயில் பாரமான படகு தரைதட்டும்.

ஆனால் சிறியதை வாங்கியபின் பெரியது போகும் இடத்துக்குப் போகலாகாது. படகின் அளவைக் கரையை வைத்துத் தீர்மானித்தவர், போகும் தூரத்தைப் படகை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். சிறு படகின் பின்பலகையிற் பெரிய இயந்திரத்தை மாட்டித் தூரத்தை எட்டிப்பிடிக்க முயல்வது இன்னும் கேடு. பின்புறம் தாழ்ந்து, திரும்பும் அலையொன்றிலே நீர் ஏறிவிடும்.

பழைய படகு வாங்குவோருக்கு ஒரு சொல். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நன்கொடையாக ஏராளமான சிறு படகுகள் நம் கரைகளுக்கு வந்தன. அவற்றுள் நல்லவையும் உண்டு, தரக்குறைவானவையும் உண்டு. ஓடு முழுவதையும் மரப்பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டு போங்கள். ஓசை கணீரென்றிருந்து ஓரிடத்தில் மந்தமானால் அங்கே படைகள் பிரிந்துள்ளன. பின்பலகையின் உள்மரம் நீரூறியிருந்தால் திருகாணித் துளையைச் சுற்றிக் கசியும். அத்தகைய படகை மலிவென்று வாங்க வேண்டாம்.

மீன்பிடிப் படகு எவ்வளவு சிறியதாயினும் 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்படல் வேண்டும். பழைய படகாயின் பணம் கொடுக்குமுன் பதிவுப் பத்திரத்தை விற்பவரின் பெயரோடு ஒப்பிட்டு, உங்கள் பகுதிக் கடற்றொழிற் பரிசோதகரிடம் காட்டிக்கொள்க. படகு வண்டியைப் பெருந்தெருவில் இழுத்துச் செல்வதாயின், அதற்குரிய பதிவையும் பின்விளக்கையும் பற்றி மோட்டார்ப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னரே வினவுக. இழுவைக் கணக்கைத் தாமாகச் செய்ய இயலாதோர் படகின் எடை, கரையின் சரிவு, தம் உழவு இயந்திரத்தின் எடை ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் வருவாராயின் உடனிருந்து கணக்கிட்டுக் கொடுக்கப்படும்.